கேளுங்க, சொல்றோம்: எளிமையா இருந்தா சரியா இருக்குமா?

இந்த இதழுக்கு வந்த கேள்விகள்ல நிறைய ஒரே விஷயத்தைச் சுத்தி இருந்துச்சு, அதனால மத்ததை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: சார், ஒரு விஷயத்துக்கு ரெண்டு விளக்கம் இருந்தா எளிமையானதைத்தான் எடுத்துக்கணும், அதுதான் உண்மையா இருக்கும்னு எங்க காலேஜ்ல ஒரு சார் அடிக்கடி சொல்வாரு. 'ஓக்கமின் கத்தி'ன்னு பேரும் சொன்னாரு. இது நிரூபிச்ச விதியா? எல்லா இடத்துக்கும் பொருந்துமா?
(மாணவர், கோவை)

பதில்: தம்பி, இது நிரூபிச்ச விதி இல்ல, ஒரு வேலை முறை, அவ்வளவுதான். ஓக்கம் ஊர் வில்லியம்னு 14ஆம் நூற்றாண்டுல ஒரு இங்கிலாந்துத் துறவி இருந்தாரு, தர்க்கமும் தத்துவமும் எழுதினவர், 1347ல மியூனிக்ல இறந்து போனாரு. அவர் பேர்ல எல்லாரும் சொல்ற அந்த பிரபலமான வாக்கியம் அதே வடிவத்துல அவர் எழுத்துல கிடையாது, பின்னாடி வந்தவங்க வடிவம் கொடுத்தது. அவர் எழுதினதோட சாரம் என்னன்னா, தேவை இல்லாம கூடுதலா எதையும் இருக்குன்னு வச்சுக்காதே. எளிமையா இருக்கறதுதான் உண்மைன்னு அவர் எங்கயும் சொல்லல.

இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெருசு தம்பி. தேவை இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது நம்ம ரசனை இல்ல, அளந்து பார்த்த கணக்கு. ரெண்டு விளக்கமும் ஒரே அளவு விஷயத்தை ஒரே அளவு சரியா விளக்கினாத்தான் எது எளிமைன்னு பார்க்கறதுக்கே அர்த்தம் வரும். ஆனா நடைமுறையில என்ன நடக்குதுன்னா எளிமையான விளக்கம் பாதி விஷயத்தைத் தொடாமலே விட்டுட்டு வந்து நிக்கும், அதைக் கொண்டு போய் முழுசா விளக்கப் பார்க்கற இன்னொண்ணு பக்கத்துல நிறுத்தி 'இது எவ்வளோ சிம்பிள் பாரு'ன்னு சொல்லிடுவாங்க. அது நியாயமான போட்டியே இல்ல.

1933ல ஆக்ஸ்ஃபோர்டுல ஐன்ஸ்டீன் ஒரு சொற்பொழிவு கொடுத்தாரு. கோட்பாட்டோட அடிப்படைகள் முடிஞ்ச அளவு எளிமையாவும் கம்மியாவும் இருக்கணும், ஆனா அனுபவத்துல கிடைச்ச ஒரே ஒரு தகவலைக்கூட அதுக்காக விட்டுக்கொடுக்கக் கூடாதுங்கற கருத்தை அதுல சொல்லியிருக்காரு. முதல் பாதியை எல்லாரும் போஸ்டர்ல போடறாங்க, ரெண்டாவது பாதி காணாமப் போயிடுது.

உங்க சார் சொல்றதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு, அதை மறுக்கல. எளிமையானதை முதல்ல சோதிச்சுப் பாருங்க, ஏன்னா அது தப்பா இருந்தா சீக்கிரம் தெரிஞ்சிடும். முதல்ல சோதிக்க வேண்டியது எதுன்னு சொல்ற வரைக்கும் இந்த முறை நல்ல முறை. சோதிக்கவே வேண்டாம், எளிமையா இருக்கு அதனால உண்மைன்னு சொன்னா அங்க நில்லுங்க.

கேள்வி: ஐயா, எல் நினோ வருதுன்னு டிவில சொன்னதும் எங்க பக்கம் சம்பா போடவே ஜனங்க பயப்படறாங்க. எல் நினோன்னா மழை இல்ல, லா நினான்னா மழை, அவ்வளவுதானேன்னு கடைத்தெருவுல பேச்சு. நிஜமாவே அவ்வளவு சிம்பிளா?
(விவசாயி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: இல்லீங்க ஐயா. பசிபிக் கடலோட நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகறதுதான் எல் நினோ, குளிர்ந்தா லா நினா. இதுக்குக் கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லணும், ஏன்னா இதை நம்பி விதை நெல்லு வாங்கறதும் வாங்காததும் உங்க கையில இருக்கு, தப்பான எளிமைக்கு விலை கொடுக்கறதும் நீங்கதான்.

இந்தக் கதை தாது வருஷப் பஞ்சத்துல ஆரம்பிக்குது. 1876ல இருந்து 1878 வரைக்கும் சென்னை மாகாணமே செத்துச் சுண்ணாம்பாச்சு. இந்திய வானிலைத் துறை அதுக்குச் சரியா ஒரு வருஷம் முன்னாடி, 1875லதான் ஆரம்பிச்சிருந்தாங்க. மழை வருமா வராதான்னு முன்கூட்டியே சொல்லுங்கன்னு அரசாங்கம் கேட்டதும் துறைத் தலைவரா இருந்த ஹென்ரி பிளான்ஃபோர்ட் ஒரு விளக்கம் கண்டுபிடிச்சாரு: இமயமலையில பனி அதிகமா விழுந்தா அந்த வருஷம் மழை குறையும். ஒரே காரணம், சுத்தமா இருந்துச்சு, முதல் சில வருஷம் கணிப்பும் நல்லா வந்துச்சு, அப்புறம் கைவிட்டுடுச்சு. அடுத்து 1904ல கேம்பிரிட்ஜ்ல கணக்குப் படிச்ச கில்பர்ட் வாக்கர்னு ஒருத்தர் அந்தப் பதவிக்கு வந்தாரு. உலகம் முழுக்க இருந்து அழுத்தம், வெப்பம், மழைன்னு கணக்கு சேர்த்து எதுக்கும் எதுக்கும் தொடர்புன்னு பார்த்துட்டே இருந்தாரு. அப்படித்தான் பசிபிக் கடலோட ஒரு பக்கம் காத்தழுத்தம் ஏறினா இன்னொரு பக்கம் இறங்குதுன்னு தெரிஞ்சுது. பெரு நாட்டுக்கிட்ட கடல் சூடாகற எல் நினோவும் இந்த ஏத்த இறக்கமும் ஒரே விஷயத்தோட ரெண்டு முகம்னு அதுக்கும் ரொம்ப வருஷம் கழிச்சுப் புரிஞ்சுது.

இப்போ உங்க கேள்விக்கு வருவோம். 1972, 1987, 2002, 2009 எல்லாம் இந்தியாவுல பெரிய வறட்சி, எல்லாத்துலயும் எல் நினோ இருந்துச்சு. அப்போ கடைத்தெருவுல பேசறது சும்மா பேச்சு இல்ல, அதுல உண்மை இருக்கு. ஆனா 1997ஐப் பாருங்க. அந்த நூற்றாண்டுலயே ரொம்ப பலமான எல் நினோக்கள்ல ஒண்ணு, நாடே பயந்து போச்சு, கடைசியில தென்மேற்குப் பருவமழை சராசரியைவிடக் கொஞ்சம் கூடவே பெஞ்சுது. அதே 2002ல வந்த எல் நினோ அவ்வளவு பலமானது இல்ல, ஆனா ஜூலை மாசம் நாட்டோட மழை கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சு சீசன் முழுக்கவே சுமார் 19 சதவீதம் குறைஞ்சிடுச்சு. பெருசு வந்தப்ப ஒண்ணும் ஆகல, சின்னது வந்தப்ப அடிச்சுது. ஒரே காரணம் வச்சு இதை எப்படி விளக்குவீங்க?

விளக்க முடியல, அதனாலதான் தேட ஆரம்பிச்சாங்க. 1999ல சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகட்டான்னு நாலு பேரு நம்ம இந்தியப் பெருங்கடல்லயே அந்த மாதிரி ஒரு ஊசலாட்டம் இருக்குன்னு எழுதினாங்க, சில வருஷம் ஆப்பிரிக்கா பக்கம் கடல் சூடாகி சுமத்ரா பக்கம் குளிரும், சில வருஷம் அதுக்கு நேர் எதிரா நடக்கும். 1997ல ஆப்பிரிக்கா பக்கம் நல்லா சூடா இருந்துச்சு, எல் நினோவோட அடியை அது தாங்கிக்கிச்சுங்கறது இப்போ பலர் ஏத்துக்கற விளக்கம். அதுவும் முழு விளக்கம் இல்ல, பசிபிக்ல எந்த இடம் சூடாகுதுங்கறதும் முக்கியம், நடுப் பசிபிக் சூடானா நமக்கு ஒரு மாதிரி, கிழக்குப் பசிபிக் சூடானா வேற மாதிரி.

இதுவரைக்கும் சொன்னது தென்மேற்குப் பருவமழை. உங்க வயலுக்குக் கதை இன்னும் ஒரு திருப்பம் திரும்புது. தமிழ்நாட்டுக்கு வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழையில வருது, எல் நினோ வருஷங்கள்ல அந்த மழை கொறையறதைவிடக் கூடறதுதான் அதிகம். 2015 எல் நினோ வருஷம்தான், நாட்டுக்குத் தென்மேற்கு மழை 14 சதவீதம் குறைவு, ஆனா டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. கொட்டி சென்னை மூழ்கிப் போச்சு. 2023உம் எல் நினோ வருஷம், டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரு நாள் மழை மட்டும் 95 செ.மீ. சரி அப்போ எல் நினோன்னா நமக்கு மழைன்னு திருப்பிப் போட்டுக்கலாமான்னா அதுவும் முடியாது, 2021 லா நினா வருஷம், அந்த நவம்பர்ல சென்னையில 100 செ.மீ.க்கு மேல பெஞ்சுது, மாநிலத்துக்கே வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட ரொம்ப அதிகம். 2016ல எல் நினோ முடிஞ்சு போச்சு, அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைஞ்சு டெல்டா கருகினது உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

உங்க ஒரே வயலுக்கு ரெண்டு இடத்துல இருந்து தண்ணி வருது ஐயா. மேட்டூர்ல இருந்து வர்ற தண்ணி குடகுலயும் வயநாட்டுலயும் தென்மேற்குப் பருவத்துல பெய்யற மழை, எல் நினோ வந்தா அது குறையற வாய்ப்பு உண்டு. வானத்துல இருந்து வர்ற தண்ணி ஐப்பசி கார்த்திகை மழை, எல் நினோ வந்தா அது கூடற வாய்ப்பு உண்டு. அப்போ டிவில சொல்ற அதே ஒரு சொல்லு உங்க வாய்க்காலுக்கு ஒரு சேதி, உங்க வரப்புக்கு வேற சேதி. குறுவையைப் பத்தி முடிவு பண்ணணும்னா ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர்ல எத்தனை அடி இருக்கு, குடகு பக்கம் என்ன நிலைமைன்னு பாருங்க. சம்பாவுக்கு வடகிழக்குப் பருவமழைக்குன்னு வானிலைத் துறை தனியா கொடுக்கற கணிப்பைப் பாருங்க, ஜூன் மாசக் கணிப்பை வச்சு முடிவு பண்ணாதீங்க. அப்புறம் சீசன் மொத்தம் நல்ல மழைன்னு சொன்னாலும் அது மூணு மாசம் பரவலா பெய்யுதா இல்ல ரெண்டு நாள்ல கொட்டித் தீர்த்துடுதாங்கறது அந்த மொத்தக் கணக்குல தெரியாது. கதிர் வர்ற நேரத்துல ஒரே நாள்ல வந்த மழையும் கணக்குல 'நல்ல மழை'தான்.

கேள்வி: நீங்க எளிமைக்கு எதிரா பேசற மாதிரி இருக்கு. ஆனா அறிவியல்ல எப்பவும் எளிமையானதுதானே ஜெயிச்சிருக்கு? பூமியை நடுவுல வச்சப்ப வட்டத்துக்கு மேல வட்டம் போட்டாங்க, சூரியனை நடுவுல வச்சதும் எல்லாம் சுலபமாயிடுச்சுன்னுதானே படிச்சோம்?
(வாசகர், மதுரை)

பதில்: அப்படித்தான் பாடத்துல வருது, ஆனா நடந்தது அது இல்ல. 1543ல கோபர்நிகஸ் சூரியனை நடுவுல வச்சாரு, சரி, ஆனா கிரகம் வட்டத்துலதான் சுத்தணும்னு அவரும் நம்பினாரு, அதனால அவரும் வட்டத்துக்கு மேல சின்ன வட்டம் போட்டுத்தான் கணக்கைச் சரிக்கட்டினாரு, வட்டத்தை எண்ணிப் பார்த்தா பழசைவிட சுலபம்னு சொல்லவே முடியாது, கணிப்பும் பெருசா மேம்படல. வட்டத்தை உடைச்சவர் கெப்ளர். டைக்கோ பிராஹே டெலஸ்கோப் வர்றதுக்கு முன்னாடியே வெறும் கண்ணால செவ்வாய் கிரகத்தை வருஷக்கணக்கா அளந்து வச்சிருந்தாரு, கெப்ளர் வட்டத்தை வச்சுப் போட்ட கணக்கு அந்த அளவுல இருந்து 8 கலை தள்ளிப் போச்சு. ஒரு டிகிரியை 60 பங்கு போட்டா ஒரு பங்குதான் ஒரு கலை, பௌர்ணமி நிலாவோட அகலமே சுமார் 30 கலைதான், அப்போ நிலாவுல கால்வாசி தூரம்தான் பிசகு. வட்டத்தைவிட எளிமையான வடிவம் உண்டா? ரெண்டாயிரம் வருஷமா எல்லாரும் நம்பின வடிவம் அது. அந்தக் கால்வாசி நிலாவுக்காக அதைத் தூக்கிப் போட்டுட்டு நீள்வட்டத்துக்குப் போனாரு, 1609ல புத்தகமா வந்துச்சு. எனக்கு அறிவியல் வரலாற்றுலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். டைக்கோ அளந்தது தப்பா இருக்கும்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம், அவர் போகல.

இன்னொரு கதையும் சொல்றேன், ஏன்னா எளிமைன்னா என்னன்னே முன்கூட்டிச் சொல்ல முடியாதுன்னு இதைவிட நல்லா காட்ற கதை எனக்குத் தெரிஞ்சு இல்ல. 1781ல கண்டுபிடிச்ச யுரேனஸ் கிரகம் நியூட்டன் கணக்குப்படி போகாம கொஞ்சம் விலகி விலகிப் போயிட்டு இருந்துச்சு. ரெண்டு வழிதான் இருந்துச்சு. ஒண்ணு, நியூட்டன் விதியில குறை இருக்குன்னு சொல்லணும். இல்லன்னா, இதுவரைக்கும் யாரும் பார்க்காத ஒரு கிரகம் வெளியில இருந்து இழுக்குதுன்னு சொல்லணும். பிரான்ஸ்ல உர்பைன் லெவெரியே ரெண்டாவது வழியை எடுத்து, அந்தக் கிரகம் எங்க இருக்கணும்னு பேப்பர்லயே கணக்குப் போட்டு பெர்லினுக்குக் கடிதம் அனுப்பினாரு. 1846 செப்டம்பர் 23, கடிதம் வந்த அன்னிக்கு ராத்திரியே அங்க வானாய்வகத்துல இருந்த காலேங்கற வானியலாளர் டெலஸ்கோப்பைத் திருப்பினாரு, சொன்ன இடத்துல இருந்து ஒரு டிகிரிக்குள்ள நெப்டியூன் இருந்துச்சு. (இங்கிலாந்துல ஆடம்ஸும் தனியா அதே கணக்கைப் போட்டுட்டு இருந்தாரு.)

அடுத்து அதே லெவெரியே புதன் கிரகத்தைப் பார்த்தாரு. புதனோட பாதை மெல்லத் திரும்பறதுல நூறு வருஷத்துக்கு ஒரு சின்ன அளவு மட்டும் கணக்குல வரல, இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச சரியான அளவு 43 விகலை, ஒரு டிகிரியில 3600ல ஒரு பங்குதான் ஒரு விகலை. போன தடவை பலிச்ச அதே வழியையே எடுத்தாரு, சூரியனுக்குப் பக்கத்துல இன்னொரு கிரகம் இருக்குன்னு 1859ல சொன்னாரு, வல்கன்னு பேரும் வச்சாங்க. பிரான்ஸ்ல ஒரு கிராமத்து டாக்டர் சூரியன் மேல கருப்புப் புள்ளி கடந்து போனதைப் பார்த்தேன்னு எழுதினாரு, லெவெரியே நேர்லயே போய் விசாரிச்சுட்டு நம்பினாரு. கிரகணத்துக்கு கிரகணம் தேடினாங்க. இல்லாத கிரகம் எங்க கிடைக்கும்? 1877ல லெவெரியே அந்த நம்பிக்கையோடவே போய்ச் சேர்ந்தாரு. 1915ல ஐன்ஸ்டீன் ஈர்ப்பு விதியையே மாத்தி எழுதினாரு, எந்தப் புதுக் கிரகமும் இல்லாம அந்த 43 விகலை தானா வந்து உக்காந்துச்சு.

இதுல எது எளிமையான விளக்கம்னு சொல்லுங்க பார்ப்போம். முதல் தடவை புதுசா ஒரு பொருளைச் சேர்த்தது ஜெயிச்சுது, ரெண்டாவது தடவை அதே ஆள் அதே புத்திசாலித்தனத்தோட அதையே செஞ்சாரு, தோத்தாரு. பொருளைக் கூட்டாதேன்னு கத்தியை எடுத்திருந்தா நெப்டியூன் கிடைச்சிருக்காது. விதியை மாத்தறதுதான் பெரிய செலவு, அதைத் தொடாதேன்னு இருந்திருந்தா புதனுக்கு விடை கிடைச்சிருக்காது. ஐன்ஸ்டீன் விதி எளிமையானதான்னு கேட்டா, கருத்து ரொம்ப அழகா ஒரே வரியில நிக்கும், ஆனா நியூட்டனுக்கு ஒரு சமன்பாடு போதும்னா இங்க ஒண்ணோட ஒண்ணு பின்னின 10 சமன்பாடு. எண்ணிக்கையில எளிமை, கருத்துல எளிமை, கணக்குப் போடறதுல எளிமை, மூணும் மூணு திசையில இழுக்குது. இன்னிக்கும் அதே முச்சந்தியிலதான் நிக்கறோம், கேலக்ஸிகளோட வெளி ஓரத்துல நட்சத்திரங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாச் சுத்துது, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருக்குன்னு பெரும்பாலானவங்க சொல்றாங்க, விதியை மாத்தணும்னு கொஞ்சம் பேரு சொல்றாங்க. கரும்பொருள் பக்கம் ஆளு அதிகமா இருக்கறதுக்குக் காரணம் அது எளிமைங்கறது இல்ல, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத பல இடத்துல எடுத்த அளவுகளுக்கு அது ஒண்ணே பொருந்துது. ஆனா அந்தப் பொருளோட ஒரு துகளைக்கூட இதுவரைக்கும் யாரும் கையில பிடிக்கல.

கேள்வி: எங்க அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர் இருக்கு. இப்போ கொஞ்ச நாளா இருமல் விடல, ஆளும் மெலிஞ்சுட்டே வர்றாரு. சுகர் ஏறினா இப்படித்தான் ஆகும்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. ஒரே காரணம் எல்லாத்துக்கும் பொருந்தும்போது ரெண்டாவது நோய் இருக்குமோன்னு பயப்படறது அதிகப்படியா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: அதிகப்படியே இல்லம்மா, இந்தப் பதிலைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அப்பாவைக் கூட்டிட்டுக் கிளம்புங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளிப் பரிசோதனை பண்ணணும், அரசு ஆஸ்பத்திரியில இலவசமாவே பண்றாங்க. சுகர் இருக்கறவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட ரெண்டு மூணு மடங்கு அதிகம், சுகர்லயும் எடை குறையும் டிபியிலயும் எடை குறையும், அதனாலதான் ஒண்ணு பின்னாடி இன்னொண்ணு ஒளிஞ்சுக்குது. இருமலுக்கு சுகர் காரணம்னு சொல்றது பொருந்தவே இல்ல பாருங்க, வீட்ல பொருத்தியிருக்காங்க.

டாக்டருங்க மத்தியிலயே இதைப் பத்தி ரெண்டு பேச்சு உண்டு. எல்லா அறிகுறிக்கும் ஒரே நோயைத் தேடுன்னு ஓக்கம் பேரைச் சொல்லிக் கத்துக்கொடுப்பாங்க, அதுக்கு மறுப்பா அமெரிக்காவுல ஜான் ஹிக்கம்னு ஒரு டாக்டர் பேர்ல ஒரு வாசகம் சுத்துது, நோயாளி தனக்கு இஷ்டப்பட்ட அளவு நோய் வச்சுக்கலாம், யாரும் தடுக்க முடியாதுங்கறது அதோட பொருள். சின்ன வயசுக்காரங்களுக்குத் திடீர்னு நாலஞ்சு அறிகுறி ஒண்ணா வந்தா ஒரே நோய்ங்கற யூகம் நல்லா வேலை செய்யும். வயசானவங்களுக்கு, அதுவும் நம்ம நாட்டுல, ரொம்ப சகஜமா இருக்கற ரெண்டு நோய் சேர்ந்து வர்றது, எல்லாத்தையும் விளக்கற அபூர்வமான ஒரு நோய் வர்றதைவிட அதிகமா நடக்கும். எண்ணிக்கையில ஒண்ணு ரெண்டைவிட எளிமைதான், ஆனா அப்பாவோட உடம்புல எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்ங்கறது வேற கேள்வி. போயிட்டு வந்து எழுதுங்கம்மா.

கேள்வி: அப்போ குழப்பமா நீளமா சொன்னாத்தான் சரியான விளக்கமா? எங்க குரூப்ல ஒருத்தர் எல்லாத்துக்கும் பெரிய சதித்திட்டம்னு பக்கம் பக்கமா எழுதறாரு.
(வாசகர், சேலம்)

பதில்: இல்ல சார், அது இன்னொரு பக்கத்துப் பள்ளம். திருவாரூர் ஐயாவுக்குச் சொன்ன அதே மழையில இருந்தே இதுக்கும் உதாரணம் கிடைக்குது. 1988ல இருந்து நம்ம வானிலைத் துறை 16 அம்சம் வச்ச ஒரு மாடலை வச்சு பருவமழையைக் கணிச்சாங்க, எங்கயோ ஒரு இடத்து அழுத்தம், இன்னொரு இடத்து வெப்பம், இமயமலைப் பனின்னு 16. வரிசையா நல்ல வருஷங்களா வந்துச்சு, மாடலும் நல்லா வேலை செய்யற மாதிரி இருந்துச்சு. 2002ல மழை நார்மல்னு சொன்னாங்க, வறட்சி வந்துச்சு. திருகாணி எத்தனை அதிகமோ அத்தனைக்கு எந்தப் பழைய கணக்குக்கும் பொருந்தற மாதிரி திருகிக்கலாம், நடந்து முடிஞ்சதுக்குக் கச்சிதமாப் பொருந்தும், நாளைக்கு என்னன்னு கேட்டாத்தான் கழண்டுக்கும். எளிமைக்கு இருக்கற உண்மையான பலம் இந்த இடத்துலதான் இருக்கு, திருகறதுக்கு இடம் கொடுக்காது. அடுத்த வருஷமே 8, 10 அம்சம் வச்ச மாடலுக்கு மாறினாங்க, 2007ல இன்னும் குறைச்சாங்க. அதுக்கப்புறம் காத்துக்கும் கடலுக்கும் உள்ள சமன்பாடுகளையே கம்ப்யூட்டர்ல தீர்க்கற மாடல்களைச் சேர்த்துக்கிட்டாங்க, அது 16 அம்சத்தைவிட எவ்வளவோ சிக்கல், ஆனா அந்தச் சிக்கல் காத்தும் கடலும் நடந்துக்கற விதத்துல இருந்து வருது, இஷ்டத்துக்குச் சேர்த்தது இல்ல.

உங்க குரூப் நண்பர் எழுதறது நீளம்தான், ஆனா சிக்கலானது இல்ல சார், நல்லா பாருங்க. எது நடந்தாலும் காரணம் ஒண்ணுதான், 'அவங்க' செஞ்சது. அதைவிட எளிமையான விளக்கம் உலகத்துலயே கிடையாது. எதிரா ஒரு ஆதாரம் காட்டினா அதையும் அவங்கதான் உருவாக்கினாங்கன்னு வந்திடும். அவர்கிட்ட வாதம் பண்ணாதீங்க, என்ன நடந்தா உங்க விளக்கம் தப்புன்னு ஒத்துக்குவீங்கன்னு மட்டும் கேளுங்க.

கேள்வி: வணக்கம் ஐயா, நான் கடலோர ஊர்ல ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. பருவக்காற்றுன்னா பெரிய அளவு கடல்காற்றுன்னுதான் பசங்களுக்குச் சொல்லித்தர்றேன், நிலம் சூடாகுது, காத்து மேல போகுது, கடல்ல இருந்து ஈரக்காத்து வருது. இது தப்புன்னு ஒருத்தர் சொன்னாரு. பசங்களுக்கு எளிமையாச் சொல்லாம வேற எப்படிச் சொல்றது?
(ஆசிரியை, இராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: டீச்சர், அதை விட்டுடாதீங்க, அதுல இருந்தே ஆரம்பிங்க. 1686ல எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பேர் வச்சிருக்கோமே அவரேதான், இந்த விளக்கத்தை எழுதினாரு, முந்நூறு வருஷத்துக்கு மேல அது நிக்குதுன்னா அதுல விஷயம் இல்லாம இல்ல. உங்க பசங்க தினமும் மத்தியானம் கடல்காத்தை உடம்பாலயே உணர்றவங்க, அவங்களுக்கு இது சட்டுன்னு புரியும்.

புரிஞ்சதும் ஒரு கேள்வி போடுங்க: நிலம் சூடாகறதுதான் காரணம்னா வட இந்தியாவுல வெயில் உச்சத்துல இருக்கற மே மாசம்தானே கொட்டணும், ஏன் ஜூலையில பெய்யுது? ஜூலையில நிலம் மே மாசத்தைவிடக் குளிர்ந்துதானே இருக்கு? அடுத்தது, வறட்சி வருஷத்துல நிலம் நல்ல மழை வருஷத்தைவிட அதிகமாச் சூடா இருக்கும், அப்போ அந்த வருஷம் இன்னும் அதிகமா மழை வரணுமே? (1921லயே இந்த ரெண்டையும் ஜார்ஜ் சிம்ப்சன் எழுதிட்டாரு, நம்ம இந்திய வானிலைத் துறையில வேலை பார்த்தவர்.) மூணாவது கேள்வி அவங்க ஊர்க் கேள்வி, நமக்கு அக்டோபர், நவம்பர்ல நிலம் குளிர்ந்துட்டு வரும்போதுதானே மழை?

அவங்க யோசிச்சு முடிச்சதும் மீதியைச் சொல்லலாம். பூமத்தியரேகையை ஒட்டி உலகம் முழுக்க ஒரு மழைப் பட்டை இருக்கு, சூரியன் வடக்க போறப்போ அதுவும் வடக்க ஏறுது, தெற்க வர்றப்போ இறங்குது. தரை மட்டும் சூடானா போதாது, நீராவி மேல போய் மழையா மாறும்போது வெளிவர்ற வெப்பம்தான் அந்த ஓட்டத்தை மாசக்கணக்கா நிறுத்தாம வச்சிருக்கு. வடக்க இருந்து வர்ற வறண்ட காத்தை இமயமலை மறிக்குது. நமக்குத் தென்மேற்குக் காத்து மேற்குத் தொடர்ச்சி மலையில ஈரத்தைக் கொட்டிட்டு வெறுங்கையா இறங்குது, அதனால மழைப் பட்டை தெற்க திரும்பி வர்ற வரைக்கும், வங்கக்கடல்ல இருந்து வடகிழக்குக் காத்து வீசற வரைக்கும் காத்திருக்கோம். ஏழாம் வகுப்புப் பசங்களுக்கு இது தாங்கும் டீச்சர், மே மாசக் கேள்வியைக் கேட்டு மண்டை காய்ஞ்ச பிறகு நல்லாவே தாங்கும்.

முடிஞ்சா பள்ளிக்கூடத்துலயே ஒரு மழைமானி வைங்க. அடியும் வாயும் ஒரே அகலமா நேரா இருக்கற கண்ணாடி ஜாடி எதுவா இருந்தாலும் சரி, வாய் குறுகினது வேண்டாம், மரத்துக்கும் சுவருக்கும் தள்ளித் திறந்தவெளியில வச்சு உள்ள நிக்கற தண்ணியை ஸ்கேல்ல அளந்தா அதுவே மில்லிமீட்டர் கணக்கு. தினமும் காலையில 8:30க்கு அளக்கச் சொல்லுங்க, வானிலைத் துறையும் ஒரு நாள் மழையை அந்த நேரத்துல இருந்து அந்த நேரம் வரைக்கும்தான் கணக்கு வைக்கறாங்க, அப்போ பசங்க நோட்டுல இருக்கறதைப் பக்கத்து ஊர் கணக்கோட நேராவே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.